டென்னிஸை இணையத்தில் தொடர்வது எப்படி: ஸ்கோர் பலகையைப் படிக்கும் முறை

தொழில்முறை டென்னிஸ் ஜனவரியில் தொடங்கி நவம்பர் வரை ஏறக்குறைய இடைவெளியின்றி நடக்கும் விளையாட்டு. ஆண்கள் பிரிவிலும் பெண்கள் பிரிவிலுமாக ஒரே வாரத்தில் பல போட்டிகள் வெவ்வேறு கண்டங்களில் நடப்பதால், அனைத்தையும் பார்க்க எவராலும் இயலாது. ஆகவே எவற்றை விட்டுவிடுவது என்பதைத்தான் புதிய ரசிகர் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் ஆகிய நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளையும், ஒவ்வொன்றுக்கும் முந்தைய சில வாரங்களில் அதே வகைத் தரையில் நடக்கும் போட்டிகளையும் மட்டும் தொடர்ந்தாலே ஆண்டின் போக்கு பிடிபட்டுவிடும். களிமண் தரையில் பந்து வேகம் குறைந்து உயரமாக எழும்புகிறது. புல்தரையில் தாழ்வாக வழுக்கிச் செல்கிறது. இந்த மாற்றத்துக்குத் தம்மை யார் விரைவாகப் பழக்கிக்கொள்கிறார் என்பதை அந்த முன்னோட்டப் போட்டிகள் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, இரண்டு மூன்று வீரர்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர்களில் ஒருவராவது தரவரிசையின் முதல் ஐம்பது இடங்களுக்கு வெளியே இருக்கட்டும். முன்னணி வீரர்கள் தொடக்கச் சுற்றுகளைப் பெரும்பாலும் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். அறுபதாம் இடத்தில் இருப்பவருக்கோ ஒவ்வொரு சுற்றும் வாழ்வா சாவா என்ற போராட்டம் என்பதால், டென்னிஸ் உண்மையில் எவ்வளவு கடினமான தொழில் என்பது அவரைத் தொடரும்போதுதான் புலப்படும்.

கிராண்ட் ஸ்லாம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு வெளியாகும் டிராவை, அதாவது யார் யாரோடு மோதுவார் என்ற அட்டவணையை, நிதானமாகப் படிப்பது அவசியம். ஒற்றையர் பிரிவில் 128 பேர், ஏழு சுற்றுகள், தரவரிசைப்படி தரநிலை (சீடு) பெற்றவர்கள் 32 பேர். முதலிடத்தவரும் இரண்டாம் இடத்தவரும் எதிரெதிர்ப் பாதியில் வைக்கப்படுவதால் இறுதிப் போட்டிக்கு முன் சந்திக்க முடியாது. தரநிலை பெற்ற எந்த இருவரும் மூன்றாம் சுற்றுக்கு முன் மோத மாட்டார்கள். பெயருக்கு அருகிலுள்ள சிறு குறியீடுகளையும் கவனியுங்கள். தகுதிச் சுற்றில் வென்று வந்தவர், போட்டி அமைப்பாளர்களின் சிறப்பு அழைப்பான வைல்டு கார்டு பெற்றவர், தகுதிச் சுற்றின் இறுதியில் தோற்றும் வேறொருவர் விலகியதால் இடம் கிடைத்த லக்கி லூசர், நீண்ட காயத்துக்குப் பின் பழைய தரவரிசையின் பாதுகாப்பில் திரும்பி வருபவர் என்று ஒவ்வொரு குறியீட்டுக்குப் பின்னும் ஒரு கதை உண்டு. கோரன் இவானிசெவிச் 2001-இல் விம்பிள்டனை வென்றது வைல்டு கார்டில் நுழைந்துதான். எம்மா ராடுகானு 2021 அமெரிக்க ஓபனைத் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி, பத்து ஆட்டங்களில் ஒரு செட் கூட இழக்காமல் வென்றார்.

ஆட்ட நேரத்தைப் பொறுத்தவரை, டென்னிஸில் உறுதியான நேரம் என்பது அநேகமாக இல்லை. முந்தைய நாள் வெளியாகும் ஆட்ட ஒழுங்கில் ஒரு மைதானத்தின் முதல் ஆட்டத்துக்கு மட்டுமே தொடக்க நேரம் இருக்கும். மற்றவை அதற்கு முந்தைய ஆட்டம் முடிந்த பிறகு தொடங்கும், அல்லது 'இந்த நேரத்துக்கு முன் தொடங்காது' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். 2023 ஆஸ்திரேலிய ஓபனில் ஆண்டி மர்ரேவும் தனாசி கொக்கினாகிஸும் ஆடிய ஆட்டம் அங்கே அதிகாலை நான்கு மணி கடந்த பிறகே முடிந்தது. எனவே கடிகாரத்தை நம்பாமல், நீங்கள் விரும்பும் ஆட்டத்துக்கு முன்னால் அதே மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தின் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருப்பதே நடைமுறைக்கு உகந்தது.

நேரலை ஸ்கோரைப் படிப்பதே இந்த வழிகாட்டியின் மையம். ஒளிபரப்பு கிடைக்காதபோதும், வேலைக்கு நடுவிலும், வெறும் எண்களைக் கொண்டே ஓர் ஆட்டத்தைக் கணிசமாகப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் அதற்கு எண்ணுக்கு முன்பாக, யார் சர்வ் செய்கிறார், அதாவது யார் பந்தை முதலில் அடித்துத் தொடங்குகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு கேம் முழுவதும் ஒருவரே சர்வ் செய்வார்; குறைந்தது ஆறு கேம்களை வென்றால்தான் ஒரு செட். அந்தச் செட்டில் ஸ்கோர் 4-3 என்றால் அது தனியே எதையும் சொல்வதில்லை. முன்னிலையில் இருப்பவர் முதலில் சர்வ் செய்து தம் நான்கு கேம்களையும் தக்கவைத்திருந்தால் ஆட்டம் சமநிலையில்தான் இருக்கிறது. எதிராளியின் சர்வீஸை ஒருமுறை முறியடித்த பிறகு அந்த 4-3 வந்து, அடுத்த சர்வீஸும் அவருடையதாக இருந்தால், செட் பெரும்பாலும் அவர் கையில். இதேபோல் சர்வ் செய்பவர் 15-30 என்று பின்தங்கும்போதுதான் பரபரப்பு தொடங்குகிறது. 40-0 என்ற நிலையில் ஒரு புள்ளியை இழப்பது பெரும்பாலும் பொருட்படுத்தத் தக்கதன்று.

முடிந்த செட்டுகளின் எண்களும் பேசும். 6-4 என்ற செட்டில் இரு தரப்புக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரும்பாலும் ஒரே ஒரு பிரேக், அதாவது எதிராளியின் சர்வீஸை முறியடித்த ஒரு கேம், மட்டுமே. எந்தக் கேமில் அது நிகழ்ந்தது என்று தேடிப் பார்த்தால் செட்டின் கதை முழுவதும் கிடைத்துவிடும். 7-6 எனில் இரு பக்கமும் பிரேக்குகள் சமன், 6-6 ஆனபின் ஆடப்படும் டை-பிரேக் என்ற தீர்மானக் கேமில்தான் முடிவு. இதன் எல்லை நிலையை 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹூவும் காட்டினார்கள்: மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் நீண்ட அந்த ஆட்டத்தின் ஐந்தாம் செட் 70-68 என முடிந்தபோது, அந்த 138 கேம்களில் இறுதிக் கேமில் மட்டுமே சர்வீஸ் முறியடிக்கப்பட்டது. இனி அது நடக்க வழியில்லை. 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் இறுதிச் செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டை-பிரேக் ஆடப்படுகிறது. வீரர்களின் உடலுக்கு அது நல்லதுதான் என்றாலும், ஸ்கோரை மட்டும் தொடர்பவர்களுக்கு ஓர் அபூர்வ இன்பம் குறைந்துபோனது.

ஆட்டம் முடிந்ததும் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மொத்தப் புள்ளிகளைப் பார்த்து வெற்றி தோல்வியை விளக்கிவிட முடியாது. 2019 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ரோஜர் ஃபெடரர் 218 புள்ளிகளும் நோவாக் ஜோகோவிச் 204 புள்ளிகளும் வென்றார்கள். எதிராளியால் தொட முடியாத அடிகளான வின்னர்களிலும் 94-க்கு 54 என்று ஃபெடரரே முன்னிலை. கோப்பை ஜோகோவிச்சுக்குச் சென்றது, ஏனெனில் மூன்று டை-பிரேக்குகளையும் அவர் வென்றார். ஃபெடரரின் கூடுதல் புள்ளிகளில் பெரும்பகுதி 6-1 என அவர் வென்ற செட்டில் குவிந்துகிடந்தது. 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியிலும் ஜானிக் சின்னர் 193 புள்ளிகள் வென்று தோற்றார், கார்லோஸ் அல்கராஸ் 192 வென்று பட்டம் பெற்றார். தம் வாழ்நாள் ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வென்றும், புள்ளிகளில் 54 சதவீதத்தை மட்டுமே வென்றதாக ஃபெடரர் 2024-இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் குறிப்பிட்டார். பாதிக்கு மேலான அந்த நான்கு சதவீதம் எங்கே விழுந்தது என்பதே கேள்வி. அதனால் இரண்டாம் சர்வீஸில் வென்ற புள்ளிகளின் சதவீதத்தையும், எதிராளியின் சர்வீஸை முறியடிக்க ஒரே புள்ளி தேவைப்படும் வாய்ப்புகளான பிரேக் பாயின்ட்களில் எத்தனை பயன்பட்டன என்பதையும் முதலில் பாருங்கள். அன்ஃபோர்ஸ்டு எரர் எண்ணிக்கையைச் சற்று ஐயத்தோடு அணுகுங்கள். எது தானாகச் செய்த தவறு, எது எதிராளி செய்ய வைத்த தவறு என்பதைத் தீர்மானிப்பதில் பார்ப்பவரின் கணிப்பும் கலந்திருக்கிறது.

தரவரிசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது கடந்த 52 வாரப் புள்ளிகளின் கூட்டு. சென்ற ஆண்டு ஒரு போட்டியில் பெற்ற புள்ளிகள் இந்த ஆண்டு அதே போட்டியின்போது கழிந்துவிடும். கிராண்ட் ஸ்லாம் பட்டத்துக்கு 2000 புள்ளிகள் என்பதால், பட்டத்தைத் தக்கவைக்காதவர் சரிவது இயல்பு; அதை வீழ்ச்சி என்று தலைப்பிடும் செய்திகளைக் கண்டு பதற வேண்டாம். 2022 விம்பிள்டனில் தரவரிசைப் புள்ளிகளே வழங்கப்படாததால், பட்டம் வென்ற ஜோகோவிச் மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கினார்.

நேரலையும் ஸ்கோர் செயலியும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. இணைய ஒளிபரப்பு ஆட்டத்துக்குப் பல நொடிகள் பின்தங்கியே வருவதால், பந்து சர்வ் ஆகும் முன்பே புள்ளியின் முடிவைச் செயலி சொல்லிவிடும். பதிவைப் பின்னர் பார்ப்பவர்கள் அறிவிப்புகளை அணைத்தால் மட்டும் போதாது, காணொளியின் மொத்த நீளத்தையும் மறைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து மணி நேரப் பதிவு, ஆட்டம் ஐந்து செட் சென்றதை முதல் நொடியிலேயே உளறிவிடும்.

சமூக ஊடகங்களில் நடக்கும் 'எக்காலத்துக்கும் சிறந்தவர் யார்' என்ற சண்டையில் நேரம் செலவிடுவது வீண் என்பது என் தனிப்பட்ட கருத்து. அதைவிடக் கவலைக்குரியது, தோற்ற வீரர்களுக்கு நேரடியாக அனுப்பப்படும் வசவுகளும் மிரட்டல்களும். பந்தயத்தில் பணம் இழந்தவர்களே இதில் பெரும் பங்கினர் என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பும் மகளிர் டென்னிஸ் சங்கமும் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. 2024 முதல் இத்தகைய பதிவுகளைக் கண்டறியும் கண்காணிப்புச் சேவையும் இயங்குகிறது. அத்தகைய பதிவைக் கண்டால் பதில் எழுதாமல் புகாரளிப்பதே சரி, ஏனெனில் பதில்கள் அதை மேலும் பலரிடம் கொண்டுசேர்க்கும்.

ஓரளவு பழகிய பின், கீழ்நிலைச் சுற்றான சேலஞ்சர் போட்டிகளின் நேரலையையும் பாருங்கள். கேமராக்கள் குறைவு, விளக்கவுரை எப்போதும் இருக்காது, மறுஒளிபரப்பும் அரிது. ஆகவே யார் எங்கே நிற்கிறார், இரண்டாம் சர்வீஸை எவ்வளவு முன்னேறி எதிர்கொள்கிறார் என்பதையெல்லாம் நீங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். 2019 பிப்ரவரியில் பெர்காமோ சேலஞ்சரை வென்றபோது சின்னருக்கு வயது 17; வைல்டு கார்டில் நுழைந்திருந்த அவருடைய பெயரை அன்று டிராவில் பார்த்து நின்று கவனித்தவர்கள் மிகச் சிலரே.