சுறாவுக்கு ஒலிக்கருவி பொருத்த வருகிறீர்களா?

சுறாவின் நடமாட்டத்தை அறியக் கொள்ளிடம் முகத்துவாரத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் செயற்கைக்கோள் கருவியைத்தான் கேட்கிறார்கள். முதுகுத் துடுப்பில் மாட்டும் அந்தக் கருவி, துடுப்பு நீருக்கு மேலே வந்தால்தான் செய்தி அனுப்பும். ரேடியோ அலை கடல்நீரைத் தாண்டாது. சின்னப் பால் சுறாவுக்கு எதற்கு அது? 69 கிலோஹெர்ட்ஸில் அடையாள எண்ணை ஒலிக்கும் கருவி போதும்.

வனத்துறை அனுமதி முதலில்.

சுறாவைப் படகுக்குள் ஏற்றாதீர்கள். தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கட்டும், செவுளில் தண்ணீர் ஓட வேண்டும். மெல்ல மல்லாக்கப் புரட்டினால் பல இனங்கள் அசையாமல் கிடக்கும். வயிற்றுத் துடுப்பருகே விரல்போல் இரண்டு உறுப்புகள் தெரிந்தால் ஆண், குறித்துக்கொள்ளுங்கள். வயிற்றில் சிறு கீறல், கருவி உள்ளே, ஓரிரு தையல். பழகிய கை செய்ய வேண்டிய வேலை இது, வீடியோ பார்த்துவிட்டுக் கத்தி எடுக்காதீர்கள். பிறகு நிமிர்த்தி, வால் தானாக வீசும்வரை தாங்கிப் பிடித்து விடுங்கள்.

உண்மையான தலைவலி, கருவியின் ஒலியைக் கேட்டுப் பதிவு செய்யக் கடலடியில் வைக்கும் ஒலிவாங்கிதான். இழுவை மடி ஓடும் தடத்தில் வைத்தால் வலையோடு போய்விடும். அருகிலுள்ள பழையாறு துறைமுக மீனவர்களைக் கேட்காமல் இடம் குறிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அலையிரைச்சலும் கலங்கலும் சேர்ந்து அது கேட்கும் தூரத்தைக் குறைத்துவிடும். பதிவு இல்லையென்றால் சுறா இல்லை என்று எழுதிவிடுவார்கள் சில அவசரக்காரர்கள். ஒலிவாங்கிக்கு அருகிலேயே, அதே போன்ற ஒலிக்கருவி ஒன்றை நகராதபடி கட்டி வையுங்கள். அதன் ஒலியும் பதிவாகாத நாள்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.