சாவியைத் திருப்பியும் டிராக்டர் அசையவில்லையா? ஆளைக் கூப்பிடுமுன் இதைப் பாருங்கள்

இலங்கை மலைநாட்டில், நுவரெலியா பக்கம் டிராக்டரை நிறுத்தும்போதே இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். காலையில் சாவிக்கு மசியாவிட்டால், பிரேக்கை விட்டு நாலு அடி உருட்டி, கியரில் கிளட்சை விட்டால் என்ஜின் பிடித்துவிடும். மேடு பள்ளம் தந்த வசதிதான். ஆனால் அந்த வசதியாலேயே கோளாறு மாதக்கணக்கில் ஒளிந்துகிடக்கும். ஒருநாள் பெட்டி நிறையத் தேயிலைக் கொழுந்தோடு ஸ்டோர் வாசலில், சமதரையில் வண்டி நின்றுவிடும். அன்றைக்குத்தான் பேட்டரிக்குத் திட்டு விழும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கீழே பெரிய கல்லாக வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் தொடவைத்து ஸ்டார்ட் பண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். கியரில் இருந்தால் வண்டி பாய்ந்து, பக்கத்தில் நிற்கும் ஆள்மேலேயே சக்கரம் ஏறும்.

அடுத்து லிவர்களைப் பாருங்கள். பல டிராக்டர்களில் நியூட்ரல் இல்லாவிட்டால் சாவிக்கு ஒன்றுமே நடக்காது. அது கோளாறு அல்ல, பாதுகாப்பு சுவிட்ச். பழைய மாஸி பெர்குசன் பலவற்றில் ஹை-லோ லிவர் நடுவில் இருக்க வேண்டும். சில வண்டிகளில் கிளட்சை முழுசாக மிதிக்க வேண்டும், சிலவற்றில் பிடிஓவும் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) விலகியிருக்க வேண்டும். லிவரை இரண்டு மூன்று தடவை அசைத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். சிலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

இன்னும் மௌனமா? ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) இல்லாதவருக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. லைட்டே எரியவில்லை என்றால் பேட்டரி செத்திருக்கும், அல்லது டெர்மினலோ ஃபியூஸோ விட்டிருக்கும். லைட் எரிந்து, சாவியைத் திருப்பும்போது மங்கிப்போனால், ‘டிக் டிக் டிக்’ என்று படபடத்தால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது எங்கோ இணைப்பு மோசம். லைட் கொஞ்சமும் மங்காமல் சத்தமும் இல்லையென்றால், கரண்ட் ஸ்டார்ட்டருக்குப் போகவே இல்லை: சாவி சுவிட்ச், பாதுகாப்பு சுவிட்ச், அல்லது ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டுக்குப் போகும் சின்ன வயர். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தத்தோடு நின்றால் ஸ்டார்ட்டரைச் சந்தேகப்படலாம். ஆனால் உடனே கழற்றாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். எனக்கும் இதே ‘டக்’ வந்தது. ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். ஸ்டார்ட்டரைக் கழற்றி, பிரஷ் மாற்றி, காசும் வாங்கினார்கள். மறுவாரம் அதே ‘டக்’. கடைசியில் நானே குனிந்து பார்த்தேன். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து சேசிஸுக்கு வரும் எர்த் பட்டி போல்ட்டின் கீழே பச்சைப் பொடி பூத்திருந்தது. உரமூட்டை ஏற்றும் வண்டி, அதோடு மூடுபனி ஈரம். இரண்டும் சேர்ந்து செம்புப் பட்டியை அரித்துவிட்டது. போல்ட்டைக் கழற்றி, பட்டியையும் சேசிஸையும் எமரி தாளால் பளபளக்கத் தேய்த்து இறுக்கினேன். அவ்வளவுதான், ஒரே திருப்பில் பிடித்தது.

அதனால் நீங்களும் இணைப்பிலிருந்தே தொடங்குங்கள். டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வெள்ளைப் பூ இருந்தால் சுடுதண்ணீரில் அப்பச்சோடாவைக் கலந்து ஊற்றிக் கழுவுங்கள். பேட்டரிக்குள்ளே மட்டும் போகக் கூடாது. தேய்த்து இறுக்கியபின் மேலே கொஞ்சம் கிரீஸ். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், வெடிக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் லேசு. ராத்திரி முழுக்க ஓய்ந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.0 பக்கம் இருந்தால் சார்ஜ் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. சார்ஜ் நிறைய இருந்தும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். எர்த்தைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை என்ஜின் உடம்பிலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான். ஜனவரி, பெப்ரவரி காலைகளில் நுவரெலியாவில் உறைபனி விழும். அந்தக் குளிரில் பேட்டரி பலம் குறையும், என்ஜின் ஆயிலும் கெட்டியாகிவிடும். கோடையில் ஒப்பேற்றிய பேட்டரி அப்போதுதான் கைவிடும்.

வேறு வண்டியிலிருந்து கரண்ட் எடுப்பதாக இருந்தால் ஒன்றை முதலில் கேளுங்கள்: ‘அண்ணே, உங்க லொறி பன்னிரண்டா, இருபத்துநாலா?’ லொறிகள் பல 24 வோல்ட். நம் டிராக்டர் பெரும்பாலும் 12. மாற்றிக் கொடுத்தால் வயரிங் கருகும். எப்படி ஸ்டார்ட் பண்ணினாலும் ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் சாவியைப் பிடித்திருக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டுத் திரும்ப முயலுங்கள்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லையா? அது டீசல் சங்கதி. நிறுத்தும் குமிழ் இழுத்தபடியே இருக்கிறதா, டேங்க் குழாய் மூடியிருக்கிறதா, லைனில் காற்று ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

எல்லாம் சரிவந்தபின் என்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டரை வையுங்கள். 13.8-லிருந்து 14.4-க்குள் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. குறைந்தால் ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பாருங்கள், என்ஜினை நிறுத்திவிட்டு. அப்புறம் அன்றைக்கு இரவு மட்டும் வண்டியைச் சமதரையில் விடுங்கள். விடியற்காலைக் குளிரில் சாவிக்கே பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.