ஜப்பான் ஸ்டாம்புக்கு எந்த கேட்லாக், அதை எப்படிப் புரட்டுவது

ஜப்பானிய மொழி தெரியாது, அதனால் ஆங்கிலத்தில் வரும் அமெரிக்க ஸ்காட் கேட்லாக் போதும் என்று ரொம்ப நாள் ஓட்டியவன் நான். இப்போது யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வது: முதலில் ஒரு சகுரா வாங்குங்கள், மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மற்றதெல்லாம் அப்புறம்.

சகுரா என்பது ஜப்பான் தபால்தலைச் சங்கமான ஜேபிஎஸ் வெளியிடும் கேட்லாக். ஆண்டுதோறும் வரும், எல்லாப் படங்களும் வண்ணத்தில் இருக்கும். கையில் இருக்கிற ஸ்டாம்பை அடையாளம் காணத்தான் கேட்லாக் என்றால் படம் பெரிய உதவி. இந்த வருடப் பதிப்புதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். சில வருடம் பழையதும் போதும். விலை மாறியிருக்கும், ஸ்டாம்ப் மாறாது.

புரட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். சகுரா எல்லாவற்றையும் வருட வரிசையில் ஒரே நீளமாக அடுக்காது, வகை பிரித்து அடுக்கும். தினசரிப் பயன்பாட்டுத் தலைகள் ஒரு பக்கம், நினைவுத் தலைகளுக்கு எண்ணின் முன்னால் சி, தேசியப் பூங்காவுக்கு பி, புத்தாண்டு வாழ்த்துக்கு என், மாகாணங்களுக்காக 1989 முதல் வந்த ஃபுருசாட்டோ தலைகளுக்கு ஆர். கையில் இருப்பது எந்த வகை என்று ஊகித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கேதான் ஒரு பொறி. ஸ்காட்டில் சி என்றால் விமானத் தபால். நான் ஒருமுறை மாற்றிக்கொள்ள ஒருவருக்கு எழுதிய பட்டியலில் வெறும் ‘சி1’ என்று போட்டுவிட்டேன். நான் கேட்டது சகுராவின் சி1, அதாவது 1894இல் மெய்ஜி பேரரசரின் திருமண வெள்ளிவிழாவுக்கு வந்த ஜப்பானின் முதல் நினைவுத் தலை. அவர் புரிந்துகொண்டது ஸ்காட்டின் சி1, 1919இல் ஏற்கனவே இருந்த தலையின் மேல் விமானப் படத்தை அச்சிட்டு (அதுதான் மேலச்சு) வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை, அதிலும் அந்த விமான மேலச்சில் போலிகள் ஏராளம். அன்றிலிருந்து எண்ணுக்கு முன்னால் எந்த கேட்லாக் என்று எழுதாமல் ஒரு வரி அனுப்புவதில்லை.

ஸ்காட்டிலும் ஒரு குழப்பம் உண்டு. ஃபுருசாட்டோ தலைகளை அது இசட் என்ற எழுத்தில் தனியாகக் கடைசியில் வைத்திருக்கிறது. முன்பக்கத்தில் தேடிவிட்டு ‘கேட்லாகிலேயே இல்லாத அபூர்வம்’ என்று குதிப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் குதித்தவன்தான். வெளிநாட்டில் விற்பவர்கள் பெரும்பாலும் ஸ்காட் எண்ணிலோ பிரிட்டிஷ் கேட்லாகான ஸ்டான்லி கிப்பன்ஸ் எண்ணிலோ பேசுவதால் அதில் ஒன்றும் பக்கத்தில் இருப்பது நல்லது. கிப்பன்ஸில் ஜப்பானும் கொரியாவும் சேர்ந்து ஒரே தொகுதி. மிஷெல் என்ற கேட்லாக் ஜெர்மன் மொழியில் வரும், அந்த மொழியில் பழக்கம் இருந்தால் மட்டும் பாருங்கள்.

சரி, மொழி. சகுராவைப் படிக்க இரண்டே சொற்கள் தெரிந்தால் ஓட்டிவிடலாம். விலைக் கட்டத்தில் ‘மிஷியோ’ என்றால் பயன்படுத்தாதது, ‘ஷியோஸுமி’ என்றால் முத்திரை குத்தியது. மிஷியோவின் முதல் எழுத்து, மரத்தைக் குறிக்கும் எழுத்தின் உச்சியில் ஒரு குட்டைக் கோடு போட்டது போல இருக்கும். ஒருதரம் பார்த்தால் மறக்காது.

அப்புறம் வருடம். ஜப்பானிய முத்திரைகளில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, ஆண்டு பேரரசரின் ஆட்சிக்கணக்கில். மெய்ஜி என்றால் 1867ஐக் கூட்டுங்கள், தைஷோவுக்கு 1911, ஷோவாவுக்கு 1925, ஹெய்செய்க்கு 1988, ரெய்வாவுக்கு 2018. முத்திரையில் 23.11.29 என்று இருந்து, ஸ்டாம்ப் இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருடங்களுக்குள் வந்தது என்றால், அது ஷோவா 23, அதாவது 1948 நவம்பர் 29. அதே நாளில்தான் ‘திரும்பிப் பார்க்கும் அழகி’ வந்தது, ஹிஷிகாவா மோரோனோபுவின் ஓவியம், 5 யென், ஐந்தைந்தாக ஒரு சிறு ஷீட்டில். ஒற்றைத் தலைக்கும் முழு ஷீட்டுக்கும் விலை தனித்தனியாக இருக்கும், எந்த வரியைப் பார்க்கிறீர்கள் என்று விரல் வைத்துப் பாருங்கள்.

ஸ்டாம்பில் நாட்டின் பெயரே தெரியவில்லையா? ‘நிப்பான்’ என்று ரோமன் எழுத்தில் வருவது 1966 முதல்தான். போருக்கு முந்தையதில் பதினாறு இதழ் செவ்வந்திச் சின்னத்தைத் தேடுங்கள். 1947 வாக்கில் அது மறைந்துவிடும்.

எந்த கேட்லாகும் பொறுமையைச் சோதிப்பது தசாவா தலைகளில். 1913இல் தொடங்கிய தினசரிப் பயன்பாட்டு வரிசை, ஒரே படம், திரும்பத் திரும்ப. முதலில் நீர்க்குறி, அதாவது தாளுக்குள்ளேயே பதிந்த மங்கலான அடையாளம், கிடையாது. அடுத்த வருடம் முதல் நீர்க்குறியும் வண்ண நூல் தூவிய தாளும். பின்பக்கத்தை லென்ஸில் பார்த்தால் குட்டிக் குட்டி இழைகள் தெரியும். அது போதாதென்று அளவு வேறு: பழைய அச்சு 19க்கு 22.5 மில்லிமீட்டர், புதியது 18.5க்கு 22. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் சொல்ல முடியாது, மாதிரிக்கு ஒன்றை உறுதியாக அடையாளம் கண்டு வைத்துக்கொண்டு மற்றதை அதன் மேல் பொருத்திப் பாருங்கள். தாள், நீர்க்குறி, ஓரத்துத் துளை என்று இந்த அளவுக்கு இறங்க ஆசை வந்துவிட்டால் சகுரா போதாது. ஜப்பானியர்கள் ‘நிஸ்ஸென்’ என்று சுருக்கிச் சொல்லும் சிறப்பு கேட்லாகுக்குப் போக வேண்டும். ஜப்பானிய மொழியில்தான், ஆனால் எண்களும் படங்களும் ஓரளவு கைபிடித்துக் கூட்டிப் போகும்.

1871இல் வந்த டிராகன் தலைகளையும் அதற்கடுத்த செர்ரிப் பூத் தலைகளையும் கேட்லாக் மட்டும் வைத்து வாங்க வேண்டாம். செப்புத் தகட்டில் ஒவ்வொன்றையும் கையால் செதுக்கினார்கள், ஒரு ஷீட்டில் நாற்பதும் நாற்பது விதம். படத்தோடு ‘சரியாகப் பொருந்தவில்லை’ என்பதால் போலி என்று சொல்லவும் முடியாது, ஏறக்குறையப் பொருந்துகிறது என்பதால் அசல் என்று சொல்லவும் முடியாது. பழைய நினைவுப்பொருள் போலிகளில் ‘சான்கோ’ அல்லது ‘மோஸோ’ என்ற இரண்டு எழுத்துகளைப் படத்துக்குள்ளேயே பொடியாக ஒளித்து வைத்திருப்பார்கள், மாதிரி, போலி என்று அர்த்தம். பத்து மடங்கு லென்ஸ் எடுத்து முதலில் அதைத் தேடுங்கள். அது இல்லாவிட்டாலும் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் பெரிய பணம் கொடுக்காதீர்கள்.

விலையைப் பற்றி: 1960, 70களின் நினைவுத் தலைகளை ஜப்பானில் மலைபோல அச்சடித்து, மக்களும் ஷீட் ஷீட்டாக வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். இன்று அவற்றில் பலவும் முகமதிப்புக்கு, அதாவது தலையில் அச்சிட்ட விலைக்கு, கீழே கிடைக்கும், கேட்லாகில் என்ன எண் போட்டிருந்தாலும். அதனால் அந்தக் காலத் தலைகளுக்கு விலைக் கட்டத்தைப் பார்க்கவே வேண்டாம். எண்ணைப் பார்த்து, இருப்பதற்கு எதிரே பென்சிலில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.