மலிவு விலை லாப் ஸ்டீல் கிற்றாரைச் சோதித்து வாங்குவது எப்படி

மடியில் கிடத்தி, கம்பிகளின் மேல் ஒரு இரும்புப் பாரை (கையில் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு) வழுக்கி வாசிக்கும் கிற்றார்தான் லாப் ஸ்டீல். வீட்டுப் பெரியவர்களிடம் ஹவாய் கிற்றார் என்று சொன்னால் உடனே விளங்கும். மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் ஒரு தம்பி போன மாதம் ஒரு படத்தை அனுப்பி, "அண்ணா, விலை இவ்வளவு குறைவாக் கிடக்கு, நம்பி வாங்கலாமா?" என்று கேட்டார். வாங்கலாம், சோதித்துவிட்டு வாங்குங்கள் என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சாதாரண கிற்றார் மலிவானதாக இருந்தால் முதலில் சிக்கல் தருவது கழுத்தும், அதில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளும். கழுத்து வளையும், கம்பி உயர்ந்து நிற்கும், பழகும் பிள்ளையின் விரல் நோகும். லாப் ஸ்டீலில் கம்பியைப் பலகையோடு அழுத்தும் வேலையே இல்லை. ஃபிரெட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்தான். கம்பிகள் வேண்டுமென்றே உயரமாக நிற்கின்றன. இவ்வளவு எளிமையான வாத்தியம் என்பதால்தான் குறைந்த விலையிலும் நல்லதாகக் கிடைக்கிறது. மினுக்கமான பூச்சைப் பார்த்து மயங்க வேண்டாம், கீறலைப் பார்த்து ஒதுக்கவும் வேண்டாம்.

ஒரு அளவுநாடா, போனில் ஒரு டியூனர் ஆப், ஒரு பென்சில், கடனாகவாவது ஒரு அம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி). இவை போதும்.

படி 1: அளந்து பாருங்கள்

என்னைக் கேட்டால் முக்கியமான சோதனை இதுதான். தலைப்பக்கம் கம்பி தாங்கி நிற்கும் நட்டில் இருந்து மறுபக்கத்தில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை அளவுங்கள். பல லாப் ஸ்டீல்களில் இது 22.5 அங்குலம் இருக்கும். 12ஆம் கோடு இதன் சரிபாதியில், அதாவது 11.25 அங்குலத்தில் விழ வேண்டும். 7ஆம் கோடு மூன்றில் ஒரு பங்கில், 7.5 அங்குலத்தில். 5ஆம் கோடு கால்வாசியில், ஏறத்தாழ 5.6 அங்குலத்தில். 12ஆம் கோடு இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் தள்ளி நின்றால் காரணத்தைத் தேடுங்கள். பிரிட்ஜ் நகர்ந்திருந்தால் திருத்தலாம். கோடுகளே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் அடிக்கப்பட்டிருந்தால், புதிதாகப் பழகுபவர் அதை வாங்க வேண்டாம். கண்தான் கைக்கு வழிகாட்டி; கோடு பிழைத்தால் காதும் பிழையாகப் பழகிவிடும்.

அடுத்து, 12ஆம் கோட்டுக்கு நேர் மேலே கம்பியை விரலால் மெல்லத் தொட்டபடி மீட்டுங்கள். மணி போல ஒரு ஒலி வரும். அதே கோட்டில் பாரை வைத்து மீட்டினால் அதே சுரம் வர வேண்டும். பாரைக் கோட்டின் நேர் மேலேயே வையுங்கள், நேர் மேலிருந்து பாருங்கள். சாதாரண கிற்றார் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்துவிட்டு, சுருதி இறங்கும்போது கிற்றாரைக் குறை சொல்வார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலமோ இணையத்திலோ வாங்குவதாக இருந்தால், கம்பிகளுக்கு அருகே அளவுநாடாவை நீட்டி வைத்து நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு படமே பாதிக் கவலையைத் தீர்த்துவிடும்.

படி 2: கம்பிகள் ஒரே மட்டமா

பாரை நட்டுக்கு அருகே குறுக்காகக் கிடத்துங்கள். ஆறு கம்பிகளையும் அது தொட வேண்டும். ஏதாவது ஒன்றில் இடைவெளி இருந்தால் அந்தக் கம்பி இரையும். நட்டை அராவிச் சரிசெய்யலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

படி 3: சுருதி நிற்கிறதா

டியூனிங் கீகளை ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். கம்பி அசையாமல் கீ மட்டும் நிறையச் சுழன்றால் பல் தேய்ந்திருக்கிறது. இறுக்கும்போது "டிக்" என்று சத்தம் வந்தால் கம்பி நட்டில் சிக்குகிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். புதுக் கம்பி முதல் நாளில் இளகத்தான் செய்யும், அதற்காகக் கீயைப் பழிக்க வேண்டாம்.

எந்தச் சுருதி என்பதில் கவனம். சி சிக்ஸ்த் சுருதியில் தடித்த கம்பியில் இருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ என்று வரும். சாதாரண கிற்றார்க் கம்பிகளைப் போட்டு இதற்கு ஏற்றினால் தடித்த கம்பியை எட்டு அரைச்சுரம் மேலே இழுக்க வேண்டி வரும், அது அறுந்துவிடும். அந்தச் சுருதிக்கென்றே கம்பி செட் விற்கிறார்கள். சாதாரணக் கம்பிதான் கையில் இருக்கிறதென்றால் ஓப்பன் ஈ வையுங்கள்: ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. 22.5 அங்குல நீளத்துக்கு அந்த இறுக்கம் நன்றாகவே பொருந்தும்.

வெயிலும் சுருதியைக் கெடுக்கும். பின்னாளில் ரிக்கன்பாக்கர் என்று பேர்பெற்ற நிறுவனம் 1932இல் விற்கத் தொடங்கிய முதல் மின் லாப் ஸ்டீல் வார்ப்பு அலுமினியத்தில் ஆனது. தாச்சி போல இருந்ததால் அதற்கு ஃபிரையிங் பான் என்றே பேர் வந்தது. மேடை விளக்குச் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி விலகும் தொல்லை அதற்கு இருந்தது. எங்கள் ஊர்ப் பங்குனி, சித்திரை வெயிலை நினைத்தால், தொடக்கத்துக்கு மரக் கட்டையையே தேர்ந்தெடுப்பேன்.

படி 4: அம்ப்பில் போட்டுக் கேளுங்கள்

ஒலிக் குமிழைப் பத்துத் தடவை திருகுங்கள். கரகரப்பு வந்தால் பெரும்பாலும் தூசிதான், சுத்தம் செய்யும் ஸ்பிறே போதும். வயர் செருகும் துளையை மெல்ல அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா பாருங்கள். வந்தால் ஈயம் பற்றவைக்க வேண்டியிருக்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்தான் பிக்கப்; ஒற்றைச் சுருள் பிக்கப் கொஞ்சம் இரைவது இயல்பு, நீங்கள் திரும்பி உட்கார்ந்தால் அந்த இரைச்சல் கூடும் அல்லது குறையும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் நல்லது. தொட்டதும் கூடினால் உள்ளே வயர் மாறியிருக்கலாம். கையில் சுர்ரென்று மின்சாரம் தெரிந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். வீட்டு ஏர்த்தைப் பார்க்காமல் மறுபடி தொட வேண்டாம்.

கடைசியாக ஆறு கம்பிகளையும் ஒரே பலத்தில் மீட்டுங்கள். ஒன்று மட்டும் மெலிந்து ஒலித்தால், பிக்கப்பை ஏற்றி இறக்கும் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: பாருக்குக் காசு ஒதுக்குங்கள்

கையில் இருக்கும் காசு முழுவதையும் கிற்றாருக்கே கொட்டிவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை நல்ல பாருக்கும் கம்பிக்கும் வையுங்கள். பார் ஆறு கம்பிகளையும் மூடும் நீளமும், தன் பாரத்திலேயே கம்பியில் படியும் கனமும் கொண்டிருக்க வேண்டும். நகத்தால் தடவிப் பாருங்கள். சிறு குழி தட்டுப்பட்டாலும் வழுக்கும்போது உராயும் சத்தம் கேட்கும். விரலில் மாட்டும் கண்ணாடிக் குழாய் இதற்குச் சரிவராது.

பாவித்த கிற்றார் என்றால் திருகாணிகளின் துருவையும் பாருங்கள். கல்லடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கும் இடங்களில் உப்புக் காற்று கம்பியையும் விடாது, பிக்கப்பையும் விடாது. அந்தத் தம்பியின் கிற்றாரில் கோடுகள் சரியாக இருந்தன, கீ ஒன்றுதான் தளர்ந்திருந்தது. விலையைக் கொஞ்சம் குறைத்து வாங்கிவிட்டார். இப்போது வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பிகளைத் துடைத்துப் பையில் வைக்கிறார்.