ஐடலில் நிற்காத ஆர்எக்ஸ்-இசட்: என் அனுபவம்

பட்டர்வொர்த்தில் ஓர் அண்ணனிடம் பழைய யமஹா ஆர்எக்ஸ்-இசட் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் கிராண்டோடு (வண்டியின் பதிவுப் பத்திரம்) ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன்.

வண்டி ஒரே உதையில் கிளம்பும். சூடானதும் ஐடலில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் மெதுவாக ஓடும் நிலையில், நிற்காது. ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் கத்தும். பட்டறையில் பிஸ்டனை மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்படிக் கத்தினால் முதலில் காற்றுக் கசிவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போதே, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்மேல் கார்புரேட்டர் கிளீனரைத் துளி அடித்தேன். (சூடான சைலன்சர் பைப்பில் படக்கூடாது, தீப்பிடிக்கும்.) சட்டென்று சத்தம் மாறியது! கசிவு அங்கேதான். கழற்றி விரலால் வளைத்தால், அடிப்பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

புது ரப்பர், புது கேஸ்கெட் போட்டேன். அப்புறம் கார்புரேட்டரில் ஐடலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டையும் கிளீனர் அடித்து ஊதினேன். அதில் ஊசி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

இது போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்தக் கசிவை அப்படியே விடவே கூடாது. காற்று கூடி, பெட்ரோல் போதாமல், சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

இப்போது ஆயர் ஈத்தாம் சாலை நெரிசலிலும் ஐடல் சீராக நிற்கிறது. அடுத்து எஞ்சினுக்கு எண்ணெய் அனுப்பும் ஆட்டோலூப் பம்பின் கேபிளைப் பார்க்க வேண்டும்.