கோவையில் ஒரு தெருவின் காற்றை அளப்பது எப்படி

கோயம்புத்தூரின் காற்று பற்றிச் செய்திகளில் வரும் எண், விரல்விட்டு எண்ணக்கூடிய அரசு நிலையங்களில் பதிவாவது. குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் நிலையம் அவற்றுள் ஒன்று. அதன் கருவிகள் நம்பத்தக்கவை. ஆனால், சரவணம்பட்டியில் எழும் அடுக்குமாடிகளுக்கு நடுவே பறக்கும் கட்டுமானப் புழுதியையோ, வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு புகையும் இரவில் அருகிலுள்ள தெருவில் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றையோ தொலைவிலுள்ள ஒரு நிலையத்தின் எண் காட்டிவிடாது. அதைக் குடியிருப்போர் சங்கமோ பள்ளியோ தானே அளக்கலாம். பொறுமை மட்டும் நிறைய வேண்டும்.

முதலில் அளக்க வேண்டியது பிஎம் 2.5 என்னும் நுண்துகளை. நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியது அதுதான். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சென்சார்கள் ஓரளவு நம்பகமாக அளப்பதும் அதைத்தான். மலிவான வாயு சென்சார்கள் வெப்பநிலை மாறினாலும் வேறு வாயு கலந்தாலும் தடுமாறுவதால், தொடக்கத்தில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. நுண்துகள் சென்சாருக்குள் ஒரு சிறு விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறும் அளவை வைத்து எடை கணக்கிடப்படுகிறது. எஸ்டிஎஸ்011 என்னும் சென்சார் வகையின் ஆயுள் ஏறத்தாழ 8,000 மணி நேரம். இடைவிடாமல் ஓடினால் ஓராண்டுக்குள் அது தீர்ந்துவிடும் என்பதால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் விழித்து அளக்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவி என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதே முக்கியம். எங்கள் குடியிருப்பின் முதல் கருவியில் தினமும் காலை ஏழே கால் மணிக்கு அளவு சட்டென ஏறி, அரை மணியில் இறங்கியது. பள்ளி வேன்களின் புகை என்றே எல்லோரும் நம்பினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஏற்றம் ஒன்பது மணிக்குத் தள்ளிப்போவதைக் கவனித்த பிறகுதான், கீழ்வீட்டுச் சமையலறையின் புகைபோக்கி விசிறி கருவிக்கு நேர் கீழே இருப்பது தெரிந்தது. மூன்று வாரங்களாக நாங்கள் அளந்தது கடுகு தாளிக்கும் புகையை.

ஆகவே, தரையிலிருந்து மூன்று முதல் பத்து மீட்டர் உயரத்தில், பெரும்பாலான திசைகளிலிருந்து காற்று தடையின்றி வந்துசேரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தாழ்ந்த கட்டடத்தின் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் இதற்கு ஏற்றது. சமையலறை, ஜெனரேட்டர், ஏசியின் வெளிப்பகுதி, மரக்கிளை ஆகியவற்றிலிருந்து விலகியிருக்கட்டும். வெயிலும் மழையும் நேரே படாத, அடிப்பக்கம் திறந்த வெள்ளைப் பெட்டி போதும். மாதம் ஒருமுறை காற்று நுழையும் துளையைப் பார்த்துச் சிலந்தி வலையை நீக்குங்கள்.

அடுத்தது ஒப்பீடு. வாங்கிய கருவிகள் அனைத்தையும் ஒரு வாரம் அருகருகே வைத்து, தனித்து விலகிக் காட்டுவதை ஒதுக்கிவிடுங்கள். பிறகு வாரியத்தின் அனுமதி பெற்று அரசு நிலையத்திலோ, கிடைக்காவிட்டால் அதற்கு மிக அருகிலுள்ள வீட்டு மாடியிலோ இரண்டு வாரம் வைத்து, இரண்டின் மணிநேரச் சராசரிகளை ஒப்பிட்டுத் திருத்தக் கணக்கு ஒன்றை வகுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஈரப்பத சென்சாரும் வேண்டும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் கார்த்திகை, மார்கழி விடியற்காலைகளில் துகள்கள் நீரை ஏற்று ஊதிவிடுவதால், மலிவுக் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அரசு நிலையங்களின் கருவிகள் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி உலர்த்திய பின்பே அளக்கின்றன.

பதிவானதைப் படிப்பதிலும் கவனம் தேவை. பிஎம் 2.5க்கு 2009இல் வகுக்கப்பட்ட இந்திய வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 15. இரண்டுமே 24 மணி நேரச் சராசரிக்கு உரியவை. ஒரு நிமிடம் 150 காட்டியதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பினால் வீண் பீதிதான் மிஞ்சும். மைக்ரோகிராம் வேறு, செய்திகளில் ஏக்யூஐ என்று வரும் காற்றுத் தரக் குறியீடு வேறு என்பதையும் மறக்கக் கூடாது: பிஎம் 2.5 அளவு 60 என்றால் அதற்குரிய குறியீடு 100. தேசியக் குறியீட்டைக் கணக்கிடக் குறைந்தது மூன்று மாசுகளின் அளவு தேவைப்படுவதால், உங்கள் ஒற்றை அளவை அந்தப் பெயரால் அறிவிக்காதீர்கள்.

ஒரு மாதப் பதிவை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று மாசை அடித்துக்கொண்டு போய்விடும். தை மாதத்துக் காற்றசையாத காலைகளில் அதே மாசு தரையோடு தங்கும். ஓராண்டாவது அளந்து, குப்பை எரிந்த நாள், சாலை தோண்டிய நாள், பண்டிகை நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் மணியோடு குறித்துவையுங்கள். மாநகராட்சியிடமோ வாரியத்திடமோ மனு கொடுக்கும்போது அந்த நோட்டின் நகல், மணிநேரச் சராசரிகள், கருவி இருக்கும் இடத்தின் படம், ஒப்பீட்டின் முடிவு ஆகிய நான்கையும் இணைத்துக் கொடுங்கள்.