இரு தரப்புக்கும் இடையே நம்பிக்கையை மீட்பது: பேச்சுக்கு முன் வேலை

பிளவுபட்ட ஊரில் பெரும்பாலும் முதலில் நடத்துவது ஒற்றுமைக் கூட்டம்தான். மேடை, உறுதிமொழி, சேர்ந்து நின்று ஒரு படம். மறுநாள் அவரவர் பக்கம் அவரவர். பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் பகை தணிவதில்லை. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் குழுவினர் ஒரு சிறுவர் முகாமில் இதைக் கண்டார்கள். போட்டிகளால் பகைத்துக்கொண்ட இரு அணிகளையும் ஒரே கூடத்தில் சாப்பிட வைத்தபோது சண்டைதான் வந்தது. தண்ணீர் வரத்து நின்றுபோனதுபோல, இரு அணியும் கைகோத்தால்தான் தீரும் சிக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோதுதான் பகை படிப்படியாகக் குறைந்தது.

ஆகவே முதலில் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். இரு தரப்புக்கும் அது தேவைப்பட வேண்டும், ஒரு தரப்பு தனியாக முடிக்க முடியாததாக இருக்க வேண்டும், இரண்டு மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியும் பலன் தர வேண்டும். வாய்க்கால் தூர்வாருவது, இரு பக்கமும் புழங்கும் பாதையைச் சீர்செய்வது, முதலுதவிக் குழு அமைப்பது போன்றவை பொருந்தும். சிலை, நினைவுச்சின்னம், விழா ஆகியவற்றை இப்போது தொடாதீர்கள். யார் பெயர் முதலில் வரும் என்பதிலேயே வேலை நின்றுவிடும்.

குழுவில் 12 முதல் 16 பேர் போதும், இரு தரப்பிலிருந்தும் சரிபாதி. ஒருங்கிணைப்பாளர்களும் பக்கத்துக்கு ஒருவராக இருவர். ஏற்கெனவே நல்லிணக்கம் பேசுபவர்களை மட்டும் சேர்ப்பது எல்லோரும் செய்யும் தவறு. தன் தரப்பில் சொல் எடுபடும், சற்றே சந்தேகப்படும் ஆட்களும் வேண்டும். பணிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் இரு தரப்பையும் கலந்து போடுங்கள். ஒரு தரப்பு திட்டம் போட, மறு தரப்பு மண் சுமந்தால் பழைய ஏற்றத்தாழ்வுதான் மறுபடி நடக்கும்.

பணம் வந்தால் மிகுந்த கவனம் தேவை. எடுக்க இரண்டு கையெழுத்து, பக்கத்துக்கு ஒன்று. வரவு செலவை வாரந்தோறும் ரசீதோடு பொதுச்சுவரில் ஒட்டுங்கள். சொன்ன தேதியில் ஒட்டிய கணக்குக்கு உள்ள மதிப்பு எந்த உறுதிமொழிக்கும் கிடையாது.

பழைய காயங்களைப் பேசுவது இதற்குப் பிறகுதான். ஒருவர் மூன்று நிமிடம் குறுக்கீடின்றிப் பேசட்டும். எதிர்த்தரப்பில் ஒருவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். “ஆமாம், அதைத்தான் சொன்னேன்” என்று பேசியவர் ஏற்ற பிறகே பதில். இது மெதுவாகத்தான் நகரும், அவசரப்படுத்தாதீர்கள். மன்னிப்புக் கேட்பவர் எந்தச் செயலுக்காகக் கேட்கிறார் என்பதைப் பெயரிட்டுச் சொல்ல வேண்டும். “யார் மனமாவது புண்பட்டிருந்தால்” என்று தொடங்கும் மன்னிப்பு காயத்தைக் கிளறும். பாதிக்கப்பட்டவரை மன்னிக்கச் சொல்லி யாரும் நெருக்கக் கூடாது. நீதிமன்றம் பார்க்க வேண்டிய குற்றத்தை இந்தக் குழு முடித்துவைக்கவும் கூடாது.

பொது மதிப்புகளை எழுத உட்கார்ந்தால் நேர்மை, மரியாதை என்று அழகான சொற்கள் வரும், எல்லோரும் கைதட்டுவார்கள், எதுவும் மாறாது. நடத்தையாக எழுதுங்கள்: “மறு தரப்பைப் பற்றிய செய்தியை, அந்தத் தரப்பில் ஒருவரிடம் கேட்காமல் அனுப்ப மாட்டோம்.” இப்படி ஐந்தாறு விதிகள் போதும். மீறினால் முதலில் தனியே நினைவூட்டல், பிறகு குழுவில் விளக்கம், கடைசியில்தான் விலக்கல். பொதுவளங்களைக் காக்கும் சமூகங்களை ஆராய்ந்து 2009இல் நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீடித்து நிற்கும் அமைப்புகளில் இப்படிப் படிப்படியான தண்டனை இருப்பதைக் கண்டார்.

வதந்திக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். பக்கத்துக்கு நால்வர், எந்நேரமும் எடுக்கும் தொலைபேசி எண்கள். உண்மை தெரிந்ததும் இரு தரப்பிலிருந்தும் ஒருவர் ஒன்றாக நின்று அறிவிக்க வேண்டும். கலவரம் மூண்ட பிறகு இந்தப் பட்டியலைத் தயாரிக்க முடியாது.

குழுவுக்குள் நட்பு வளர்ந்தால் ஊர் மாறிவிட்டதாக எண்ணாதீர்கள். வடக்கு ஈராக்கில் கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒரே கால்பந்து அணிகளில் சேர்த்து நடத்திய ஆய்வில், மைதானத்துக்குள் நெருக்கம் கூடியது. வெளி வாழ்க்கையில் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு வேலை முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை மாற்றுங்கள். விலகுபவர்கள் தங்கள் தெருவில் அடுத்த வேலையைத் தொடங்கட்டும். “துரோகி” என்று சொந்தத் தரப்பு ஏசும் உறுப்பினரின் வீட்டுக்கு அதே தரப்பு மூத்தவர் ஒருவர் அன்றைக்கே போய் நிற்க வேண்டும்; மறு தரப்பினர் போனால் ஏச்சு கூடும்.